பங்குக் கிணறும் ஆழ்குழாய்க் கிணறும்

"ஊர் முன்போல் இல்லை" என்று சொல்லாத பெரியவர் நம் பங்கில் யாராவது உண்டா? ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போதும், கலியாண வீட்டுப் பந்தலில் இலை போடக் காத்திருக்கும்போதும், துக்க வீட்டுத் திண்ணையிலும் இந்தப் பேச்சுத்தான். முன்பெல்லாம் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லையென்றால் அடுத்த வீட்டுக்குத் தெரியும். இப்போது எதிர்வீட்டில் குடியிருப்பவர் பெயர்கூடத் தெரியவில்லை என்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் இளைஞர்கள் சிரித்துக்கொண்டு கைப்பேசியை எடுக்கிறார்கள்.

பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. எவ்வளவு உண்மை, எந்த இடத்தில் அது உண்மையல்லாமல் போகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்ப்பது நமக்கு நல்லது. ஏனென்றால், ஊர் மாறிவிட்டது என்று ஒருமுறை சொல்லி முடித்துவிட்டால், அயலானுக்கு நாம் செய்யவேண்டிய கடமையும் அதோடு போய்விட்டது என்ற ஒரு சமாதானம் நம்மை அறியாமலே மனதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மாறியது வாஸ்தவம். 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி கோயமுத்தூர் ஜில்லாவில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் பட்டணவாசிகள். அதே ஆண்டில் மாநகராட்சியின் எல்லை 105 சதுர கிலோமீட்டரிலிருந்து 257 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சரவணம்பட்டி, காளப்பட்டி, விளாங்குறிச்சி, துடியலூர், வடவள்ளி என்று நம் தாத்தாமார் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போன கிராமங்கள் வார்டு எண்களாகிவிட்டன. கருமத்தம்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 17-ம் நூற்றாண்டிலேயே வேத போதகர்கள் வந்து தங்கிய ஊர். அன்று மானாவாரிக் காடு சூழ்ந்திருந்தது. இன்று அதன் நடுவே நெடுஞ்சாலை ஓடுகிறது. சோமனூர்ப் பக்கம் திரும்பினால் விசைத்தறிச் சத்தம் ராப்பகலாகக் கேட்கிறது. செபமாலை மாதாவின் திருவிழாவுக்கு வருகிறவர்கள் வண்டியை எங்கே நிறுத்துவது என்று அலைகிறார்கள். இதையெல்லாம் மறுப்பார் இல்லை.

ஆனால் பழைய ஊர் என்பது என்ன? நாம் எதை இழந்தோம் என்று தெரிய வேண்டுமானால் அது எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். கொங்கு நாட்டில் மழை குறைவு. காவேரிப் பாய்ச்சல் ஜில்லாக்களைப்போல வாய்க்கால் தண்ணீர் வாசலுக்கு வராது. தோட்டம் என்றால் கிணறு. கிணறு என்றால் கவலை. இரண்டு எருதுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்க, அறுபது எழுபது அடி ஆழத்திலிருந்து சால் நிறைய நீர் ஏறி வாய்க்காலில் கொட்டும். எருதுகள் பின்னுக்கே நடந்து மேட்டுக்கு வர வேண்டும். மறுபடியும் இறங்க வேண்டும். விடிவதற்கு முன்பே இறைப்பைத் தொடங்கினால் வெயில் ஏறுமட்டும் இதே நடைதான். ஒருவர் எருது ஓட்ட, ஒருவர் மடை மாற்ற என்று குறைந்தது இரண்டு பேர் வேண்டும்.

இவ்வளவு செலவும் உழைப்பும் பிடிக்கும் கிணற்றை ஆளுக்கொன்று வெட்டிக்கொள்ள எல்லோராலும் முடியாது. அதனால்தான் பங்குக் கிணறு. தகப்பன் வெட்டிய கிணற்றில் மகன்மார் நால்வருக்கும் முறை உண்டு. இன்றைக்கு மூத்தவன், நாளைக்கு இளையவன் என்று நாள் கணக்கில் தண்ணீர் பிரியும். பாகப் பிரிவினைப் பத்திரத்தில் நிலத்தின் எல்லையோடு கிணற்றில் நாலில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு என்று எழுதியிருப்பதை நம்மில் பலர் இன்றும் பெட்டியில் வைத்திருக்கிறோம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு விசேஷம் உண்டு. பங்காளிகளுக்குள் கோர்ட்டு வழக்கு நடந்துகொண்டிருக்கும். பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகியிருக்கும். ஆனாலும் "ஏனுங், உங்க முறை முடிஞ்சுதுங்களா?" என்று கேட்காமல் இருக்க முடியாது. கிணறு தூர் வாரும் நாளில் நால்வரும் இறங்கியாக வேண்டும். ஒருவனுடைய எருது காலொடிந்து படுத்தால் மற்றவன் தன் எருதைக் கொடுப்பான். நாளைக்குத் தனக்கும் அதே நிலை வரும் என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே, நாம் "அந்தக் காலத்து ஒற்றுமை" என்று புகழுவதில் பெரும்பங்கு நல்ல மனசு மட்டுமல்ல, வேறு வழியில்லாமையும்தான். இப்படிச் சொல்வது முன்னோரைக் குறைத்துப் பேசுவதாகாது. வேறு வழியில்லாமல் தொடங்கும் உதவி பழகிப் பழகிப் பாசமாவதும் உண்டு. கலியாணங்களில்கூட அப்படித்தான் நடக்கிறது.

இனி, பெரியவர்கள் சொல்லாமல் விடும் ஒரு விஷயத்துக்கு வருவோம். கவலைக்குத் தோல் வேண்டும். சாலின் அடியில் தண்ணீரைக் கொட்டும் நீண்ட தோல் வாய் கிழிந்தால் இறைப்பு நின்றுபோகும். தோலைப் பதப்படுத்தி, தைத்து, கிழிந்ததை உடனே ஒட்டுப் போட்டுக் கொடுத்தவர்கள் ஊருக்கு வெளியே குடியிருந்த அருந்ததிய மக்கள். அவர்களுடைய கையில்லாமல் கொங்கு நாட்டில் ஒரு தோட்டமும் பச்சையாக இருந்திருக்காது. ஆனால் அந்தத் தோலைத் தைத்தவர், ஊர்க் குடிநீர்க் கிணற்றில் தன் குடத்தை இறக்க முடியாது. தூரத்தில் நின்று, யாராவது இரங்கி ஊற்றும் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டும். தேநீர்க் கடைகள் வந்த பிறகு அங்கேயும் அவருக்குத் தனி டம்ளர் வந்தது.

"அவர்களுக்கும் களத்தில் தானியம் அளந்தோமே, நோம்பிக்கு வேட்டி சேலை கொடுத்தோமே, பசி என்று வந்தால் திருப்பி அனுப்பியதில்லையே" என்பார்கள். உண்மையாகவே கொடுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் கேட்டுப் பெறுவது வேறு, முறை என்று வருவது வேறு. பங்காளிக்குக் கிணற்றில் முறை இருந்தது. அவன் எவ்வளவு பகைத்தாலும் அதைப் பிடுங்க முடியாது. தோல் தைத்தவருக்கு இருந்தது ஆண்டையின் மனசு மட்டுமே. அது இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இல்லாமல் போகும். "ஒரு வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் அடுத்த வீட்டுக்குத் தெரியும்" என்று சொல்கிறோமே, எந்த வீதிக்குள் அடுப்பு எரியாவிட்டால்?

பிறகு ஊர் மாறத் தொடங்கியது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1932-ம் ஆண்டில் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் இறங்கிய பிறகு மில்கள் வரிசையாக எழும்பின. சங்கு ஊதும் நேரத்துக்கு ஊர்கள் விழித்தன. தோட்டத்தில் மின்சார மோட்டார் வந்ததும் எருதும் வடமும் தோலும் ஓய்ந்தன. மில் கேட்டில் நின்றவனிடம் எந்தக் கிணற்றில் குடித்தாய் என்று இயந்திரம் கேட்கவில்லை. மேஸ்திரி கேட்டிருக்கலாம், அது வேறு. வாரச் சம்பளம் கையில் வந்தவன் களத்து மேட்டில் துண்டை விரித்து நிற்க வேண்டியதில்லை. ஆகவே, ஊர் கலைந்தது என்று ஒரு வீதி கண்ணீர் விட்ட அதே வருஷங்களில் இன்னொரு வீதி மூச்சு விட்டது. இரண்டும் நடந்தன. ஒன்றை மட்டும் சொல்லுகிறவர் பாதி ஊரைத்தான் சொல்லுகிறார்.

மோட்டார் வந்தபின் விவசாயிக்கும் சுகம் நீடிக்கவில்லை. கரண்டு கட்டணம் உயர்ந்ததை எதிர்த்து 1972-ம் ஆண்டில் நாராயணசாமி நாயுடு தலைமையில் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகள் கோயமுத்தூர்ச் சாலைகளை அடைத்து நின்றதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பவானி சாகர் வாய்க்காலும் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலும் எட்டிய ஊர்கள் பிழைத்தன. எட்டாத அவிநாசி, பல்லடம் பக்கங்களில் வெட்டுக் கிணறு வற்ற வற்ற ஆழ்குழாய் இறங்கியது. முந்நூறு அடி, அறுநூறு அடி, இப்போது ஆயிரம் அடிக்கும் கீழே. தண்ணீர் வராத தோட்டத்துக்காரர் மாட்டுக் கொட்டகையில் தறி போட்டார். சிலர் கோழிப் பண்ணை வைத்தார். சிலர் திருப்பூருக்குப் போய்ப் பனியன் தொழிலில் இறங்கி, கூலியாகத் தொடங்கி முதலாளியும் ஆனார்கள். இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டுமே!

ஆனால் ஆழ்குழாய்க் கிணற்றில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பங்குக் கிணற்றில் என் முறை முடிந்தால் உன் முறை. நான் அதிகமாக இறைத்தால் நீ கரையில் நின்று பார்ப்பாய், சத்தம் போடுவாய். ஆழ்குழாயில் அப்படியில்லை. என் நிலத்தில் என் காசில் ஆறு அங்குலத் துளை போடுகிறேன். மூடி போட்டுப் பூட்டுகிறேன். யாரும் கேட்பதற்கில்லை. ஆனால் பூமிக்குள் வேலி கிடையாது. என் குழாய் இழுப்பது அடுத்தவன் பாறை இடுக்கில் இருந்த தண்ணீராகவும் இருக்கும். அவனுடைய குழாயில் ஒரு நாள் காற்று வரும். அவன் கடன் வாங்கி இன்னும் இருநூறு அடி இறக்குவான். எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை. வழியில் கண்டால் சிரித்துக்கொள்கிறோம். சண்டை போட்ட பங்காளிகள் ஒருவர் தண்ணீரை ஒருவர் எடுக்கவில்லை. சிரித்துக்கொள்ளும் நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அன்பர்களே, நம் காலத்தின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. அயலார் பேசிக்கொள்வதில்லை, போக்குவரத்து இல்லை என்பது சிறிய குறை. ஒருவருக்கொருவர் செய்யும் நன்மை தீமை கண்ணுக்குத் தெரியாமல் போனதுதான் பெரிய குறை. உறவு சுருங்கிவிட்டது, செய்கையின் நீளமோ முன்னைவிடப் பல மடங்கு நீண்டுவிட்டது.

ஒரத்துப்பாளையம் அணையின் கதையைப் பாருங்கள். வெள்ளியங்கிரி மலைப் பக்கம் பிறந்து, கோயமுத்தூரையும் திருப்பூரையும் கடந்து காவேரியில் சேரும் நொய்யல் ஆற்றின் குறுக்கே, திருப்பூருக்குக் கீழே, விவசாயத்துக்கென்று கட்டிய அணை அது. 1992-ம் ஆண்டில் திறந்தார்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு ஆற்றில் இறங்கி அணையில் தேங்கியது. உப்பும் சாயமும் ஏறிய தண்ணீர் பயிரைக் கருக்கியது, கிணறுகளுக்குள்ளும் ஊறியது. தண்ணீருக்காகக் காத்திருந்த விவசாயிகளே சில வருஷங்களில் "அணையைத் திறந்துவிடாதீர்கள்" என்று கேட்கும்படி ஆயிற்று. தண்ணீரை வேண்டாமென்று கொங்கு நாட்டு விவசாயி சொன்னான் என்றால், அதைவிட என்ன சொல்ல வேண்டும்?

சாயப்பட்டறைக்காரர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்களில் பலர் நேற்றுவரை தோட்டத்தில் மடை மாற்றியவர்கள்தான். தன் ஊரில் ஒருவன் கிணற்றில் யாராவது ஒரு குடம் சாயத்தை ஊற்றினால் அடிக்கப் போயிருப்பார்கள். ஆற்றில் விட்டால் அது போய்ச் சேரும் கிணறு முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அதன் சொந்தக்காரன் முகம் தெரியாது. ஆகவே அது பாவமாகத் தோன்றவில்லை. கடைசியில் கீழ்மடை விவசாயிகள் சென்னை ஹைகோர்ட்டின் படியேறினார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாடு வேண்டும் என்று 2006-ம் ஆண்டில் உத்தரவாயிற்று. அது சரிவர நடக்காததால் 2011 ஜனவரியில் எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகளையும் மூடும்படி கோர்ட்டு சொன்னது. அப்போது பல்லாயிரம் தொழிலாளிகள் வேலை இழந்தார்கள். அவர்களும் யாருக்கோ அயலார்தாம். பிறகு பட்டறைகள் பெருஞ்செலவு செய்து நீரைச் சுத்திகரித்துத் திரும்ப உபயோகிக்கும் ஆலைகள் வைத்துக்கொண்டு திறந்தன. அப்படிச் செய்ய முடியும் என்பது தெரிந்துவிட்டது. முதலிலேயே தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்டால், கேட்கிறவர்கள் கண்ணில் படுகிற தூரத்தில் இல்லை என்பதுதான் பதில்.

தூரத்தில் இருப்பவரை மட்டுமா மறந்துபோகிறோம்? மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் 2019-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி விடியுமுன், பெய்த மழையில் ஒரு வீட்டின் இருபதடி உயர மதிற்சுவர் பக்கத்து வீடுகளின்மேல் சாய்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த பதினேழு பேர் மாண்டார்கள், பெண்கள், பிள்ளைகள். தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்பு அது. அந்தச் சுவர் ஆபத்தானது என்று முன்பே முறையிட்டோம் என்று அங்குள்ளவர்கள் சொன்னார்கள். எதற்காக அவ்வளவு உயரம் என்பதைப் பற்றி அப்போது நடந்த வாதங்களுக்குள் நான் போகவில்லை. ஒன்று மட்டும்: சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மழைதான் பெய்தது. சுவரின் பாரம் முழுவதும் ஒரு பக்கத்தில் விழுந்தது. சுவர் என்றால் நமக்கும் சரித்திரம் உண்டு என்பதை மறக்கக்கூடாது. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளம் கோவிலுக்குள் சாதி பார்த்து ஜனங்களைப் பிரித்த சுவர் 1910-ம் ஆண்டில்தான் இடிக்கப்பட்டது.

அயலான் என்பவன் யார் என்ற கேள்விக்குப் பழைய ஊர் ஒரு பதில் வைத்திருந்தது: யாரிடம் எனக்குக் காரியம் ஆக வேண்டுமோ அவன். தோல் தைத்தவரிடம் காரியம் ஆக வேண்டியிருந்தும் அவரை அதில் சேர்க்கவில்லை என்பதால், அந்தப் பதில் அதன் கணக்குப்படியே தப்பு. இன்றைய பட்டணமும் ஒரு பதில் வைத்திருக்கிறது: எனக்கு யாரைப் பிடிக்குமோ அவன், மற்றவர்களை சர்க்கார் பார்த்துக்கொள்ளும். எனக்கு இரண்டும் போதவில்லை. என் செய்கை எவன் கிணறுவரை போய்ச் சேருகிறதோ, அவன்வரைக்கும் எனக்கு அயலான் என்று வைத்துக்கொள்வதுதான் நியாயமாகப் படுகிறது. நல்ல சமாரியன் உவமையில் வரும் இருவரும் ஒரே ஊரார் அல்லர். அவர்களுக்குள் கொடுக்கல் வாங்கலும் இல்லை.

"இப்படிப் பார்த்தால் எல்லை ஏது? முகம் தெரியாத லட்சம் பேருக்காக யார் கவலைப்பட முடியும்?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. லட்சம் பேர்மேல் அன்பு கொள்ளும்படி யாரும் சொல்லவில்லை. அது பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே முடியும். தன் கழிவுத் தண்ணீர் எந்தப் பள்ளத்தில் இறங்குகிறது, தன் குழாய் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, தன் மதில் யார் கூரைமேல் நிற்கிறது என்று ஒருவன் தெரிந்துகொள்ளலாம். அதற்குப் பெரிய மனசுகூட வேண்டியதில்லை. போய்ப் பார்த்துவர ஒரு நாழிகை போதும்.

இப்போது நம் வீதிகளுக்கு வந்திருக்கும் புதியவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு, வங்காளம் ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்கள் நம் மில்களிலும் தறிகளிலும் பனியன் கம்பெனிகளிலும் வேலை செய்கிறார்கள். "அவர்கள் வந்துதான் ஊர் கெட்டது" என்ற பேச்சும் கோவில் வாசலில் காதில் விழுகிறது. கொங்கு நாட்டின் வீதிகளில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்களும் கன்னடம் பேசுகிறவர்களும் எத்தனை குடும்பங்கள்! அவர்கள் முன்னோரும் ஒரு காலத்தில் மூட்டையோடு வந்தவர்கள்தாம். இன்று அவர்கள் இல்லாத கோயமுத்தூரை நினைத்துப் பார்க்க முடியுமா? 2020-ம் ஆண்டில் ஊரடங்கு வந்தபோது, வடக்கே இருந்து வந்தவர்களுக்கு இந்த ஊரில் எவ்வளவு பிடிமானம் இருந்தது என்பது தெரிந்துபோயிற்று. கூலி நின்ற சில நாட்களில் ஊருக்குப் போக வழி தேடினார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் கைப்பேசிகளில் பரவின. அது பொய் என்று போலீசார் அறிவித்தார்கள்; பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்துப் போயிற்று. பொய்தான். ஆனாலும் பலர் அதை நம்பி ரயிலேறினார்கள். பொய்யை நம்பிய அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரையாவது அவர்களுக்குத் தெரிந்திருந்தால், கதவைத் தட்டி "இது நிஜமா?" என்று கேட்டிருப்பார்கள்.

2024-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. பவானி ஆற்றில் மிகும் நீரைக் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழேயிருந்து ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூர் ஜில்லாக்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது நோக்கம். இரண்டு மூன்று தலைமுறைகள் கேட்டுக் கேட்டு வந்த தண்ணீர். குளத்தில் நீர் நின்றால் சுற்று வட்டாரத்துக் கிணறுகளில் ஊற்று ஏறும். வற்றிப்போய்க் குப்பை கொட்டும் குழியாகிவிட்ட பழைய பங்குக் கிணறுகளிலும் ஏறும். அப்படி ஒரு கிணறு நிறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் நான்கு பேர் பெயர் இருக்கிறது. அவர்களுடைய பேரன்மாரில் ஒருவர் பெங்களூரில், ஒருவர் துபாயில், இருவர் மனைக்கட்டுகளாகப் பிரித்து விற்றுவிட்டார்கள். கிணற்றைச் சுற்றி இப்போது லைன் வீடுகள். அதில் பாதி ஒடிசாக் குடும்பங்கள், மீதி அருந்ததியர் காலனியிலிருந்து வாடகைக்கு வந்தவர்களும் தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர்களும். எந்த வீட்டுக்கு எந்த நாள் முறை, தூர் வாருவதற்கு யார் இறங்குவது என்பதை இனி இவர்கள்தாம் உட்கார்ந்து பேச வேண்டும். பேச்சை எந்தப் பாஷையில் தொடங்குவது என்பதிலிருந்து எல்லாம் புதிதாக இருக்கும்.